கெடாத பிணம் தேடி: லவ்கிராஃப்டின் ஹெர்பர்ட் வெஸ்ட் தொடரில் நகையும் அச்சமும்

நகைச்சுவை இதழில் ஒரு பிணக்கதை

1922 பிப்ரவரியில், நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஹோம் ப்ரூ’ என்ற சிறிய நகைச்சுவை இதழ், செத்தவர்களை ஊசி போட்டு எழுப்பும் ஒரு மருத்துவனின் கதையைத் தொடராக வெளியிடத் தொடங்கியது. எழுதியவர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரைச் சேர்ந்த ஹெச். பி. லவ்கிராஃப்ட். அப்போது அவருக்கு வயது 31. அதுவரை அவருடைய கதைகள் சன்மானம் தராத அமெச்சூர் இதழ்களில்தான் வந்திருந்தன. இதழாசிரியர் ஜார்ஜ் ஜூலியன் ஹூட்டன் பகுதிக்கு 5 டாலர் பேசி ஆறு பகுதிகள் கேட்டார். ஜூலை வரை ஆறு மாதம் ஓடிய அந்தத் தொடர்தான் ‘ஹெர்பர்ட் வெஸ்ட்: ரீ-அனிமேட்டர்’.

கதைச் சுருக்கம் இதுதான். மாசசூசெட்ஸில் ஆர்க்கம் என்ற கற்பனை நகரம். அங்கே மிஸ்கடானிக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் படிக்கும் வெஸ்டுக்கு, உயிர் என்பது முழுக்க வேதியியல், உடல் என்பது முழுக்க இயந்திரம். நின்றுபோன இயந்திரத்தைச் சரியான கரைசல் கொண்டு மறுபடி ஓடவைக்கலாம் என்று நம்புகிறான். பெயர் சொல்லப்படாத நண்பன் ஒருவன் கூடவே இருந்து உதவுகிறான். கதையைச் சொல்பவனும் அவனே. இருவரும் 17 ஆண்டுகள் பிணம் தோண்டுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், எழுந்தவற்றிடமிருந்து தப்பி ஓடுகிறார்கள். கடைசியில் எழுந்தவை எல்லாம் கூடி வந்து வெஸ்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போகின்றன.

படிக்கும்போது குமட்டுகிறது, அதே நேரம் சிரிப்பும் வருகிறது. இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அது ஆசிரியர் திட்டமிட்டதா, எழுத்து தோற்றதன் விளைவா, கதைப்பொருளுக்குள்ளேயே இருப்பதா? கதைப்பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் முடிவு. மருத்துவக் கல்விக்கு உடல்கள் எப்படி வந்து சேர்ந்தன என்ற உண்மையான வரலாற்றில் இந்தச் சிரிப்பு வேர் கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றை நேரே பார்க்க லவ்கிராஃப்ட் மறுத்த ஓரிடத்தில் அது அறுந்தும் போகிறது.

இதுவரை வாசித்த விதங்கள்

முதல் எதிர்மறை விமர்சகர் லவ்கிராஃப்டே. கேட்டதற்கு எழுதிக்கொடுப்பது, ஒரே பாத்திரத்தை இழுத்துக்கொண்டே போவது, மாதாமாதம் ஓர் அதிர்ச்சியில் முடிப்பது ஆகியவை கலைக்கு விரோதம் என்று கடிதங்களில் நொந்துகொண்டார். இந்தத் தொடரைத் தன் நல்ல எழுத்துகளோடு அவர் சேர்த்து எண்ணியதே இல்லை. அவர் 1937இல் இறந்த பிறகுதான் ‘வியர்டு டேல்ஸ்’ இதழ் 1942-43இல் இதை மறுபதிப்பாக வெளியிட்டது.

லவ்கிராஃப்டின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதியவரும் பதிப்பாசிரியருமான எஸ். டி. ஜோஷி, புனேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆய்வாளர். அவரும் இதை லவ்கிராஃப்டின் கடைநிலை எழுத்துகளில் ஒன்றாகவே வைக்கிறார். தொடக்கத்தில் பகடியாக இல்லாவிட்டாலும் போகப்போகப் பகடியாகிவிட்டது என்ற அளவுக்கு மட்டும் இடம் தருகிறார். பகடி என்றால் எதைப் பகடி செய்கிறது? மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை என்பது பலர் சொல்லும் விடை. இந்த விடை பாதிதான் பொருந்துகிறது. ஃபிராங்கன்ஸ்டைன் தான் செய்ததை நினைத்துத் துடிக்கிறான், நோயில் விழுகிறான், படைத்ததைத் துரத்திக்கொண்டு துருவப் பனிவரை போகிறான். வெஸ்ட் எதற்கும் துடிப்பதில்லை. எழுந்த உடல் ஊரில் ஆட்களைக் கிழித்துப் போட்ட பிறகும் அடுத்த உடல் எப்போது கிடைக்கும் என்றுதான் யோசிக்கிறான். இவனிடம் ஷெல்லியின் நாயகனை விட எட்கர் ஆலன் போவின் நிழலே அதிகம். போ 1845ஆம் ஆண்டிலேயே நகை, அச்சம் இரண்டிலும் ஒவ்வொரு கதையை வெளியிட்டுவிட்டார். மின்கலத்தால் எழுப்பப்பட்ட எகிப்திய மம்மி ஒன்று மருத்துவரை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு உதைத்துத் தள்ளும் வேடிக்கைக் கதை ஒன்று. சாகும் தறுவாயில் வசியத்தால் நிறுத்திவைக்கப்பட்ட மனிதர், வசியம் நீங்கியதும் கணத்தில் அழுகிக் கரையும் கோரக் கதை இன்னொன்று. போ தனித்தனியே வைத்திருந்ததை, அவரைத் தன் ஆசானாகக் கொண்ட லவ்கிராஃப்ட் ஒரே பாத்திரத்தில் சேர்த்தார்.

மூன்றாவது வாசிப்பு திரைப்படத்திலிருந்து வருகிறது. இந்தத் தொடரைத் தழுவி ஸ்டுவர்ட் கோர்டன் 1985இல் எடுத்த படம் இரத்தமும் சிரிப்பும் கலந்த படங்களுள் பெயர் பெற்றது. படம் பார்த்தவர்கள் அந்தச் சிரிப்பை மூலத்தின் மீது ஏற்றிப் படிக்கிறார்கள் என்பது இந்த வாதம். மூலத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தாலும் சிரிப்பு அங்கே இருக்கிறது என்பதால் இதை நான் ஏற்கவில்லை.

மீள்கூறல்

‘ஹோம் ப்ரூ’ மாத இதழ். மார்ச்சில் வாங்குபவர் பிப்ரவரி இதழைப் பார்த்திருக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முன்கதை சொல்லியாக வேண்டும். வெஸ்ட் யார், கரைசல் என்ன, முதல் பிணம் என்ன ஆயிற்று, மருத்துவக் கல்லூரியின் டீன் ஹால்சி எப்படிச் செத்தார், எப்படி எழுந்தார். இரண்டாம் பகுதியில் சில வரிகளாக இருந்த முன்கதை, கொடுமைகள் சேரச் சேர நீள்கிறது. லவ்கிராஃப்டுக்கு எரிச்சலூட்டிய இந்தக் கட்டாயம்தான் தொடரின் முதல் நகை ஊற்று என்று கருதுகிறேன்.

காரணம், மீள்கூறலில் மாறாத ஒன்று உண்டு. வெஸ்ட் சிறிய உருவம், மெலிந்த உடல், மூக்குக் கண்ணாடி, மஞ்சள் தலைமுடி, வெளிர் நீலக் கண், மென்மையான குரல். ஆண்டுகள் ஓடுகின்றன, பிணங்கள் குவிகின்றன, வர்ணனை மட்டும் அப்படியே திரும்புகிறது. முதல் பகுதியில் வெறும் அங்க அடையாளமாக இருந்த அந்த நீலக்கண் ஐந்தாம் பகுதிக்கு வரும்போது நடுக்கம் தருகிறது. கதைசொல்லியின் நிலையும் அதே மாதிரிதான். ஒவ்வொரு பகுதியிலும் வெஸ்டிடம் தன் பயம் கூடிவிட்டதாகச் சொல்கிறான். ஒவ்வொரு பகுதியிலும் அவன் பக்கத்திலேயே நிற்கிறான். பயம் உண்மை, விலகாமல் இருப்பதும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது வாசகருக்குச் சிரிப்பு வருகிறது. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்தின் வடிவமே அதுதான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, இளிவரல், அச்சம் ஆகியவற்றைத் தனித்தனி மெய்ப்பாடுகளாக வகுக்கிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. வெஸ்டைப் பார்த்து வரும் நகையில் எள்ளல் குறைவு, பேதைமையே அதிகம். நிறையப் படித்தவனின் பேதைமை. தன் கரைசல் எதை எழுப்புகிறது என்பதைத் தவிர மற்ற எல்லாம் அவனுக்குத் தெரியும்.

‘இன்னும் கொஞ்சம் கெடாமல் இருந்திருந்தால்’

ஒவ்வொரு தோல்விக்கும் வெஸ்ட் சொல்லும் காரணம் ஒன்றே: பிணம் போதிய அளவு புதிதாக இல்லை. மூளைச் செல்கள் கெடத் தொடங்கிவிட்டால் உடல் எழும், அறிவு எழாது. ஆகவே தேவை இன்னும் கெடாத உடல். டைபாய்டு பரவிய ஆர்க்கமில் நோயாளிகளுக்காக உழைத்து உயிர் விட்ட டீன் ஹால்சியை எழுப்பி, அவர் வெறிகொண்டு ஊரில் இறங்கிக் கொன்றபோதும் வெஸ்டின் வாயிலிருந்து வருவது இந்தக் குறைதான். மீன் வாங்கப் போனவர் செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பது போன்ற ஒரு குறை. சொல்லப்படும் இடத்துக்கும் சொல்லின் எடைக்கும் இடையே இருக்கும் இந்தப் பொருத்தமின்மைதான் தொடரின் மைய நகை.

ஆனால் இந்த நகைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. முதல் பகுதியில், குளத்தில் மூழ்கிச் செத்து ஏழைகள் இடுகாட்டில் புதைக்கப்பட்ட உடல். இரண்டாவதில், அப்போதுதான் இறந்த டீன். மூன்றாவதில், கள்ளத்தனமாக நடந்த குத்துச்சண்டையில் விழுந்தவரை அங்கிருந்தே தூக்கி வருகிறார்கள். நான்காவதில் ஒரு வழிப்போக்கர் வெஸ்டின் வீட்டு வாசலிலேயே இதயம் நின்று விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. உடல் கெடாமல் இருக்க வெஸ்ட் புது மருந்து ஏற்றி வைத்திருக்கிறான். ஊசி போட்டதும் அந்த மனிதர் தெளிவான அறிவோடு கண் விழித்து, தன்னைக் கொன்றது யார் என்பது விளங்கும்படி அலறிவிட்டு மறுபடி சாகிறார். கெடாத பிணம் தேடிப் போனவன் கடைசியில் உயிருள்ள மனிதனிடம் வந்து நிற்கிறான். கணக்கில் பிழை இல்லை. முதல் பகுதியில் சிரிக்க வைத்த அதே நியாயம் நான்காம் பகுதியில் கொலையாகிறது. இடையில் வெஸ்ட் மாறவே இல்லை.

இது கற்பனையின் மிகை என்று தோன்றினால் எடின்பரோவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்ற இருவர், வாடகை பாக்கி வைத்து நோயில் இறந்துபோன ஒரு குடித்தனக்காரரின் உடலை உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸின் கூடத்துக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். பிறகு சாவுக்குக் காத்திருப்பதை நிறுத்தினார்கள். 1828 முடிவதற்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஒரு பெண்ணின் உடலைக் கொண்டுபோனபோது, அது இவ்வளவு புதிதாக இருக்கிறதே என்று நாக்ஸ் மெச்சியதாகவும், வேறு எதுவும் கேட்கவில்லை என்றும் பர்க் தன் வாக்குமூலத்தில் சொன்னான். 1829 ஜனவரி 28இல் பர்க் தூக்கிலிடப்பட்டு, அவன் உடலும் அறுத்துப் பாடம் நடத்தப்பட்டது. எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாக்ஸ் மீது வழக்கே தொடரப்படவில்லை. வெஸ்டின் பேச்சு, உடல்களுக்கு விலை இருந்த ஒரு சந்தையின் பேச்சு. அந்தச் சந்தையில் புதுமை ஒரு தரக்குறியீடாக இருந்தது.

யாருடைய உடல்

பிரிட்டன் 1832இல் உடற்கூறியல் சட்டம் கொண்டுவந்தது. கல்லறை தோண்டுவதும் கொலையும் தேவைப்படாதபடி, உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களை அது மருத்துவக் கூடங்களுக்குத் திறந்துவிட்டது. மாசசூசெட்ஸ் ஓராண்டு முன்பே, 1831இல், இதே வழியில் சட்டம் செய்திருந்தது. அதுவரை தூக்கிலிடப்பட்ட கொலையாளிக்குக் கூடுதல் தண்டனையாக இருந்த அறுவை, இப்போது ஏழையாகச் சாவதற்குரிய விளைவாயிற்று.

அமெரிக்க வரலாற்றில் இதன் நிறம் இன்னும் வெளிப்படை. 1788 பிப்ரவரியில் நியூயார்க்கின் கறுப்பின மக்கள், தங்கள் இடுகாட்டிலிருந்து மருத்துவ மாணவர்கள் உடல்களைத் தோண்டிப் போவதை நிறுத்தக் கோரி நகர நிர்வாகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். யாரும் செவிமடுக்கவில்லை. வெள்ளையர் கல்லறையிலும் கைவைத்தார்கள் என்ற செய்தி பரவியபோதுதான், ஏப்ரலில், கலவரம் வெடித்தது. ஜார்ஜியா மருத்துவக் கல்லூரி 1852இல் கிராண்டிசன் ஹாரிஸ் என்ற அடிமையை விலைக்கு வாங்கியது; கறுப்பினத்தவர் இடுகாட்டிலிருந்து உடல்களைத் தோண்டிக் கொண்டுவருவது அவருக்கு இட்ட வேலை. 1989இல் அக்கல்லூரியின் பழைய கட்டடத்தின் அடித்தளத்தைத் தோண்டியபோது வந்த மனித எலும்புகளில் பெரும்பாலானவை கறுப்பினத்தவருடையவை. 1878இல் ஒஹையோவில், முன்னாள் அமெரிக்க அதிபரின் மகன் ஜான் ஸ்காட் ஹாரிசனின் உடல், அடக்கம் செய்த மறுநாளே சின்சினாட்டியில் இருந்த மருத்துவக் கல்லூரி ஒன்றில் கயிற்றில் தொங்கியபடி கிடைத்தது. நாடே அதிர்ந்தது. அதே வழியாக அதற்கு முன்பு போன ஏழைகளின் உடல்கள் எத்தனை என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடரைத் திரும்பப் படித்தால் வெஸ்டின் வீட்டு முகவரியே பேசுகிறது. படிப்பு முடிந்து அவன் வைத்தியம் பார்க்கப் போவது ஆலைத் தொழிலாளர் நகரமான போல்டனுக்கு. வீடு பிடிப்பது ஏழைகள் இடுகாட்டுக்குப் பக்கத்தில். லவ்கிராஃப்ட் இதைக் கதை வசதிக்காக வைத்திருக்கலாம். ஆனாலும் உடல் எங்கே மலிவு, எங்கே கேள்வி வராது என்பது வெஸ்டுக்குத் தெரிந்திருக்கிறது. பெயர் வழங்கப்படும் விதத்தையும் கவனிக்க வேண்டும். டீனுக்கு முழுப்பெயர் உண்டு. போர்முனையில் இறக்கும் அதிகாரிக்குப் பட்டமும் பதக்கமும் சேர்த்த நீண்ட பெயர் உண்டு. நான்காம் பகுதி வழிப்போக்கருக்குக்கூடப் பெயரும் ஊரும் உண்டு. தொடரில் முதன்முதலாக எழுப்பப்படும் மனிதர், குளத்தில் மூழ்கிய திடகாத்திரமான இளம் தொழிலாளி, பெயரில்லாமல் வந்து பெயரில்லாமலேயே போகிறார்.

நகை அறுந்துபோகும் இடம்

மூன்றாம் பகுதியின் குத்துச்சண்டை வீரர் பக் ராபின்சன் கறுப்பினத்தவர். அவர் உடலை வர்ணிக்கும்போது லவ்கிராஃப்ட் அவரை மனிதராகவே எழுதவில்லை. குரங்கோடும் காட்டோடும் சேர்த்து எழுதுகிறார். லவ்கிராஃப்டின் இனவெறி கடிதங்களிலும் கதைகளிலும் நெடுகப் பதிவானது. உலக ஃபேண்டசி விருதுக்கு அவர் தலைச்சிலையைக் கொடுத்துவந்த வழக்கத்தை எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2015இல் கைவிட்டார்கள். இங்கே என் கவலை அந்த வெறி இந்தக் கதையின் நகையை என்ன செய்கிறது என்பது.

மற்ற பகுதிகளில் நகையின் இலக்கு வெஸ்ட். அவன் பேதைமை, அவன் நிதானம். மூன்றாம் பகுதியில் இலக்கு மாறிவிடுகிறது. பிணத்தைப் பார்த்துச் சிரிக்கும்படி வாசகர் அழைக்கப்படுகிறார். எள்ளல் கொன்றவனை விட்டுக் கொல்லப்பட்டவர் மீது விழுந்த மறுகணம் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் பகுதியின் முடிவு, நள்ளிரவில் கதவு தட்டப்படுவது, திறந்தால் வாயில் ஒரு குழந்தையின் கையோடு நிற்கும் உருவம், கோரத்தில் தொடரின் உச்சம். நகையோ இல்லை.

ஆயினும் பிரதி தன்னை அறியாமல் சிலவற்றைச் சொல்லிவிடுகிறது. ராபின்சனுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றதும், கரைசல் வெள்ளையர் உடல்களில் மட்டுமே சோதித்துத் தயாரானது என்று கதைசொல்லி காரணம் கூறுகிறான். பிறகு ராபின்சன் எழுந்து வருகிறார். அதாவது அந்தக் காரணம் பொய். கரைசலுக்கு நிறம் தெரியவில்லை. டீன் ஹால்சி எழுந்தபோதும் அவரைக் குரங்கோடு ஒப்பிட்டே கதைசொல்லி பேசுகிறான். ஊர் மதித்த அறிஞரும் ராபின்சனும் எழுந்தபின் ஒரே நிலைதான். ஆனால் அவர்கள் நடத்தப்படும் விதம் ஒன்றல்ல. பலரைக் கொன்ற ஹால்சி, உயிர் போகாத ஒரு குண்டடியோடு பிடிக்கப்பட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்படுகிறார். பிறகு செஃப்டன் மனநலக் காப்பகத்தில் 16 ஆண்டுகள் வைத்துப் பராமரிக்கப்படுகிறார். வாசலில் வந்து நின்ற ராபின்சனுக்கு வெஸ்டின் துப்பாக்கியிலிருந்த ஆறு குண்டுகளும். பகுதியின் தலைப்பே அந்த ஆறு குண்டுகளைத்தான் சொல்கிறது.

பிணக்குவியலையும் நகையையும் கலப்பது தமிழுக்குப் புதிதல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன, பந்தி வைக்கின்றன, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பரிமாறிக் கேலி பேசுகின்றன. நகை குறைவில்லாமல் இருக்கிறது. அங்கும் கொதிப்பது தோற்றவன் உடல், சிரிப்பு வென்றவன் பக்கத்தது. யாருடைய உடலின் மேல் நின்று சிரிக்கிறோம் என்பதைப் பரணியிடமும் லவ்கிராஃப்டிடமும் ஒரே மாதிரி கேட்கலாம்.

ஃப்ளாண்டர்ஸ் 1915

ஐந்தாம் பகுதி இந்தத் தொடரின் ஆகச் சிறந்த பகுதி. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கும் முன்பே வெஸ்ட் கனடியப் படைப்பிரிவில் மருத்துவராகச் சேர்ந்து ஃப்ளாண்டர்ஸ் போர்முனைக்குப் போகிறான். நாட்டுப்பற்று காரணமல்ல. தோண்ட வேண்டியதில்லை, ஒளிக்க வேண்டியதில்லை, கெடாத உடல்கள் மணிக்கு மணி வந்து சேரும் இடம் அது. முந்தைய பகுதிகளில் சட்டவிரோதமாக இருந்த அவன் தேவை இங்கே அரசாங்கச் செலவில் நிறைவேறுகிறது. இந்தத் தொடரில் சமூக விமர்சனம் என்று ஒன்று உண்டென்றால், லவ்கிராஃப்ட் அதை நினைத்து எழுதவில்லை என்றாலும், அது இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

இங்கே வெஸ்ட் உறுப்புகளைத் தனித்தனியே உயிரோடு வைத்திருக்க முயல்கிறான். ஊர்வன இனத்தின் கருத் திசுவைத் தொட்டியில் பெருக வைத்து, அதில் மனித உறுப்புகளை இடுகிறான். இதற்கு அந்தக் காலத்து அறிவியலில் இணை உண்டு. 1899இல் ஜாக் லோப், விந்தில்லாமல் உப்புக்கரைசல் கொண்டே கடல் முள்ளெலியின் முட்டைகளை வளரத் தூண்டிக் காட்டினார். 1912இல் வெளியான அவர் நூல் உயிரை இயந்திர விதிகளால் விளக்க முனைந்தது. அதே 1912இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் அலெக்சிஸ் காரல் கோழிக்கருவின் இதயத் திசுவை உடலுக்கு வெளியே வளர்க்கத் தொடங்கினார். அது சாகாது என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1946 வரை அந்த வளர்ப்பு தொடர்ந்தது. சாதாரணச் செல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிரிவதில்லை என்று லெனார்ட் ஹேஃப்ளிக் 1961இல் காட்டிய பிறகே அந்தச் சாகாமை கேள்விக்குள்ளானது. ஆக, 1922இல் வெஸ்டின் தொட்டியைப் படித்த வாசகருக்கு அது மாயமந்திரமாகத் தெரிந்திருக்காது. செய்தித்தாளில் பார்த்ததன் அடுத்த படியாகவே தெரிந்திருக்கும். வெஸ்ட் ஃப்ளாண்டர்ஸில் தொட்டியை வைத்திருந்த அதே 1915இல், உண்மையான காரல் பிரான்சில் போர்க்காயங்கள் சீழ்பிடிக்காமல் கழுவும் முறையை ஹென்றி டேக்கினோடு சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தார்.

வெஸ்டிடமிருந்தே உயிர்ப்பிக்கும் வித்தையை மறைவாகக் கற்றவர் மேஜர் சர் எரிக் மோர்லண்ட் கிளாப்பம்-லீ. விமானம் வீழ்த்தப்பட்டு, தலை ஏறக்குறைய துண்டாகி வந்து சேர்கிறார். வெஸ்ட் தலையை முழுதாக அறுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு உடலுக்கு ஊசி போடுகிறான். தலையில்லாத உடல் கைகளை நீட்டித் தவிக்கிறது. சாகும் கணத்தில் விமானத்திலிருந்து தப்பிக்க முயன்றாரே, அதே தவிப்பு. பிறகு குரல் வருகிறது, அறையின் மூலையிலிருந்த தொட்டியிலிருந்து. விமானியைக் குதிக்கச் சொல்லி எச்சரிக்கும் குரல். நகையும் அச்சமும் இங்கே பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன. தலை வேறு, உடல் வேறு, குரல் வேறு திசையில் என்ற அமைப்பு கூத்து மேடையின் வேடிக்கைக்குரியது. அந்தக் குரல் சொல்வதோ, இத்தொடரில் எழுப்பப்பட்ட ஒருவர் இன்னொரு மனிதனைக் காப்பாற்ற விரும்பிச் சொல்லும் ஒரே சொல்.

திரையில் நகை போன திசை

ஸ்டுவர்ட் கோர்டன் சிகாகோவின் ஆர்கானிக் தியேட்டரை நடத்திய நாடகக்காரர். இதை முதலில் மேடைக்கும் பிறகு தொலைக்காட்சிக்கும் யோசித்து, முடிவில் தயாரிப்பாளர் பிரையன் யுஸ்னாவோடு சேர்ந்து படமாக்கினார். தணிக்கைத் தரச்சான்று பெறாமலேயே படம் வெளியானது. ஜெஃப்ரி கோம்ப்ஸ் வெஸ்டாக நடித்தார். வெஸ்டின் நிதானத்தை அவர் பிடித்திருக்கும் விதம் அசாதாரணமானது. சுற்றிலும் இரத்தம் தெறிக்கும்போது இடையூறு செய்யப்பட்ட ஆய்வாளரின் எரிச்சல் மட்டுமே அவர் முகத்தில் இருக்கிறது.

படம் சிரிப்பின் இலக்கை மருத்துவக் கல்லூரி நிர்வாகத்தின் மேல் திருப்புகிறது. மூலத்தில் இல்லாத டாக்டர் ஹில் என்ற மூத்த பேராசிரியரைப் படைத்து, அவரை அடுத்தவர் ஆய்வைத் திருடுபவராகவும், டீனின் மகள் மீது காமம் கொண்டவராகவும் காட்டுகிறது. தலை வெட்டப்பட்ட பின்னும் தன் தலையைத் தானே ஏந்திக்கொண்டு பதவியும் புகழும் தேடி அலைகிறார் ஹில். கிளாப்பம்-லீயின் துயரம் இங்கே அதிகாரத்தின் கேலிச்சித்திரமாகிவிட்டது. எள்ளல் மேல்நோக்கிப் போவதால் படத்தின் சிரிப்பு மூலத்தைவிடத் தடையில்லாமல் வருகிறது. பக் ராபின்சனும் இல்லை, அந்த வர்ணனையும் இல்லை.

ஆனால் அதே வீச்சில் போல்டன் ஆலை நகரம் போயிற்று, ஏழைகள் இடுகாடு போயிற்று, உலகப் போரும் போயிற்று. உடல்கள் இப்போது மருத்துவமனைப் பிணவறையில் குளிரூட்டிய அறைக்குள் தயாராகக் கிடக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழ இடமே இல்லை. இனவெறியை நீக்கியவர்கள் அதோடு வர்க்கத்தையும் நீக்கிவிட்டார்கள் என்பது இந்தப் படத்தின் மீது, அதை விரும்பிப் பார்ப்பவன் என்ற முறையிலும், எனக்குள்ள குறை. கல்லறை தோண்டும் மண்வெட்டி படத்திலும் வருகிறது, ஹில்லின் தலையை வெட்டுவதற்காக.

தமிழில் கொண்டுவருவது பற்றி

லவ்கிராஃப்டின் எழுத்துகளுக்கு இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இந்தத் தொடரைத் தமிழில் கொண்டுவர விரும்பும் மொழிபெயர்ப்பாளருக்கு மூன்றாம் பகுதி உறுத்தும். அதை விட்டுவிட்டு ஐந்து பகுதிகளாக்கலாம், அல்லது வர்ணனையை மட்டும் மெல்லத் தணித்துவிடலாம் என்று தோன்றும். இரண்டையும் செய்யக் கூடாது என்பது என் கருத்து. தணித்தால், ஹால்சிக்குக் கிடைத்த மருத்துவமனையும் ராபின்சனுக்குக் கிடைத்த ஆறு குண்டுகளும் ஒப்பிட முடியாமல் போகும். முழுதாக மொழிபெயர்த்து, அடிக்குறிப்பில் 1788ஆம் ஆண்டு விண்ணப்பத்தையும் கிராண்டிசன் ஹாரிஸையும் பற்றிச் சில வரிகள் தர வேண்டும்.

இன்னொன்று மீள்கூறல். நூலாகத் தொகுக்கும்போது, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வரும் முன்கதை அலுப்பூட்டுவதாகத் தோன்றி, பதிப்பாசிரியர் பேனா அங்கே போகும். அந்த முன்கதைகளை வெட்டினால் வெஸ்டின் நீலக்கண் ஒரு தடவை மட்டும் வரும், கதைசொல்லி ஒரு தடவை மட்டும் பயப்படுவான், நகையின் பாதி கழன்றுவிடும். ஒரே மூச்சில் படிக்கும் நூலாக வருவதைவிட, ‘ஹோம் ப்ரூ’வில் வந்தது போலவே ஒரு தமிழ் மாத இதழில் ஆறு தவணையாக வருவதே இதற்கு ஏற்ற வடிவம்.